ஸ்னோஷூவைக் காரில் விட்டுவிட்டு ஏறாதீர்கள்



மொன்றியல், லவால், ரொறன்ரோ என்று ஊருக்கு ஊர் சனிக்கிழமை காலையில் கூடி நடக்கிற நம் நடைக்குழுக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த மடல். பெரிய வெள்ளியை ஒட்டி வரும் நீண்ட வாரவிடுமுறைக்கு மலைக்குப் போவோம் என்ற பேச்சு எழும்பிவிட்டது. குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிறகு கால் துறுதுறுப்பது இயல்பு. மொன்ட் றோயலின் 233 மீற்றரை ஏறி இறங்கி அலுத்தவர்களுக்கு, எல்லை தாண்டி இரண்டு மணிநேரச் சொச்சம் ஓடினால் வந்துவிடும் அடிரொண்டாக் மலைகள் ஞாபகத்துக்கு வருவதும் இயல்பு. போக வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. போங்கள். பனியில் புதையாமல் நடக்கச் சப்பாத்தின் கீழ் மாட்டும் ஸ்னோஷூவோடு போங்கள், அதைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். மாட்டுகிற எண்ணம் இல்லையென்றால் பனி கரைந்து, சேறு காய்ந்து, ஜூன் வரும்வரை பொறுத்திருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வசந்தத்திலும் நம்மவர்கள் தொடை வரை பனிக்குள் புதைந்து நிற்கிறார்கள்.

காரிலிருந்து இறங்கும் இடத்தில் எல்லாமே நம்மை ஏமாற்றும். வீதியோரம் காய்ந்திருக்கும். வெயில் முதுகில் சுள்ளென்று அடிக்கும். வெப்பமானியில் எட்டோ பத்தோ பாகை காட்டும். சரக்குப் பெட்டியைத் திறந்து ஸ்னோஷூவைப் பார்த்துவிட்டு, "இதையும் தூக்கிக்கொண்டு ஏறுவதா?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர்கள் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவர்கள்போலத் தலையாட்டுவார்கள். பெட்டி மூடப்படும். அந்த நிமிடத்தில்தான் அன்றைய நடை கெடுகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை பாகை குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதைவிடப் பெரிய காரணம் காடு. ஊசியிலை மரங்களின் நிழலில், வடக்குப் பார்த்த சரிவில், நவம்பரிலிருந்து விழுந்த பனி ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து கிடக்கிறது. நகரத்தில் புல் தெரியத் தொடங்கும் வாரத்தில் மேலே இடுப்பளவு பனி இருப்பதில் அதிசயமே இல்லை.

எந்த மலை என்று கேட்பீர்கள். என் தெரிவு அம்பர்சாண்ட் மலை. உயரம் 3,352 அடி, அதாவது 1,022 மீற்றர். நியூயோர்க் மாநிலத்தின் அதியுயர் சிகரமான மார்சி 5,344 அடி என்பதை நினைத்தால் இது ஒரு பொடியன். மலையேறிகள் ஒவ்வொன்றாக ஏறிக் கணக்கு வைக்கும் "46 சிகரங்கள்" பட்டியலில் இதற்கு இடமில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன். பட்டியல் பிடித்தவர்கள் வேறு பக்கம் போய்விடுவார்கள். ஆனாலும் உச்சியில் நின்றால் ஒருபுறம் சரனாக் ஏரிகள் தீவுகளும் குடாக்களுமாக விரிந்து கிடக்கும், மறுபுறம் பெரிய சிகரங்கள் முழுவதும் வரிசை கட்டி நிற்கும். முழங்காலைப் பணயம் வைக்காமல் இவ்வளவு பெரிய காட்சி கிடைக்கும் இடம் நம் கைக்கெட்டும் தூரத்தில் அதிகம் இல்லை.

அடிரொண்டாக் என்பது நாம் பழகிய பூங்காவைப் போல வேலி போட்டு, வாசலில் பணம் வாங்கும் இடமல்ல. 1892இல் எல்லை வகுக்கப்பட்ட அந்த நிலப்பரப்பு ஏறத்தாழ 60 இலட்சம் ஏக்கர். இலங்கையின் வட மாகாணத்தை அதற்குள் இரண்டு தடவை வைத்தாலும் இடம் மிஞ்சும். உள்ளே ஊர்களும் தனியார் காணிகளும் இருக்கின்றன. அரசுக்குச் சொந்தமான காடு மட்டும் என்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்று 1894இல் மாநில அரசியலமைப்பிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அம்பர்சாண்ட் நிற்பது அந்தக் காட்டில், ஹைபீக்ஸ் வில்டர்னஸ் என்ற பெரும் பகுதியின் வடக்கு ஓரத்தில். சரனாக் லேக் ஊரிலிருந்து மேற்கே 3ஆம் இலக்க வீதியில் 13 கிலோமீற்றர் போனால் வலப்பக்கம் வாகனத் தரிப்பிடம். பாதை வீதிக்கு எதிர்ப்புறம் தொடங்குகிறது. வாகனங்கள் வேகமாக வரும் வீதி அது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடவுங்கள். தரிப்பிடத்துப் பக்கமாக இன்னொரு பாதை மிடில் சரனாக் ஏரிக்கரைக்குப் போகிறது. ஏப்ரலில் அந்த ஏரி பார்வைக்கு இன்னும் உறைந்தே இருக்கும், பெடியள் ஓடிப்போய் ஏறப் பார்ப்பார்கள். ஏற விடாதீர்கள். இந்த மாதத்துப் பனிக்கட்டியை நம்பக்கூடாது.

உச்சிக்கு ஒரு வழிக்கு 4.3 கிலோமீற்றர். ஏற்றம் ஏறத்தாழ 540 மீற்றர். தூரத்தைக் கேட்டால் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் மலை அந்த ஏற்றத்தைச் சமமாகப் பங்கிட்டு வைக்கவில்லை. முதல் பாதி முதிர்ந்த ஹெம்லொக் மரங்களுக்கும் மேப்பிள், பேர்ச் மரங்களுக்கும் நடுவே ஏறக்குறையச் சமதரையில் போகும். பேசிக்கொண்டே நடக்கலாம். தீக்காவலரின் குடில் முன்பு நின்ற இடத்தைத் தாண்டியதும் பாதை நிமிர்ந்து எழும்புகிறது. ஏற்றத்தின் பெரும்பகுதி கடைசி ஒன்றரைக் கிலோமீற்றருக்குள்தான். பேச்சு அங்கே தானாக நின்றுவிடும். வழியில் ஓடைகளையும் தாண்ட வேண்டும். காலையில் சாதாரணமாகக் கடந்த ஓடை, பகல் முழுவதும் உருகிய பனி சேர்ந்து, திரும்பும்போது பெருத்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனிப் பனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். வசந்தகாலப் பனி ஜனவரிப் பனி அல்ல. ஜனவரியில் அது உலர்ந்த தூள். ஏப்ரலில் பகலில் உருகி, இரவில் உறைந்து, மறுபடி உருகி, மறுபடி உறைந்து, குருணைகளாகத் திரண்டிருக்கும். கையில் அள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும். இரவு பூச்சியத்துக்குக் கீழே போய், வானமும் தெளிவாக இருந்தால், காலையில் இந்தக் குருணைகள் ஒன்றோடொன்று பிடித்துப் பாறைபோல நிற்கும். அதன்மேல் நடப்பது ஒரு சுகம். பத்து, பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் மேற்பரப்பு இளகும். ஒரு மணிக்கு முழுவதும் சோர்ந்துவிடும். மேலிருந்து உருகி இறங்கும் நீர் உள்ளடுக்குகளின் பிடியையும் தளர்த்தியிருக்கும். அப்போது சாதாரணச் சப்பாத்தோடு காலை வைத்தால் கணுக்கால், முழங்கால், தொடை என்று இறங்கிக்கொண்டே போகும்.

மொன்றியல்காரருக்கு இதை விளக்க வேறு வழி இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கபான் ஆ சுக்ருக்குப் போகிறோம் அல்லவா, மேப்பிள் பாகு காய்ச்சும் இடத்துக்கு? மரத்திலிருந்து சாறு நன்றாக ஓட வேண்டுமானால் இரவு உறைய வேண்டும், பகல் இளக வேண்டும். இரவு உறையாத வாரத்தில் சாறும் மந்தம். மலைப் பனிக்கும் அதே விதிதான். சாறு நன்றாக ஓடும் வாரம்தான் ஸ்னோஷூ நடைக்கும் நல்ல வாரம். எனவே பயணத்தைத் தீர்மானிக்கும்போது பகல் வெப்பநிலையைப் பார்த்து மகிழ வேண்டாம், முந்திய இரவின் வெப்பநிலையைப் பாருங்கள். இரவிலும் மூன்று, நான்கு பாகைக்கு மேல் நின்று, கூடவே மழையும் பெய்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஹோட்டலுக்கு முன்பணம் கட்டியாயிற்று என்பது மலைக்குத் தெரியாது.

பனிப் பாதையின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். குளிர்காலம் முழுவதும் ஆட்கள் நடந்து நடந்து பாதையின் நடுப்பகுதி இறுகிப்போயிருக்கும். வசந்தத்தில் இருபக்கத்துப் பனி முதலில் கரையும், இறுகிய நடுப்பகுதி மட்டும் ஒரு வரம்பாக எஞ்சி நிற்கும். ஆங்கிலத்தில் பேசும் மலையேறிகள் இதை "மொனோரெயில்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வரம்பின் மேலேயே நடக்க வேண்டும். எதிரே வருபவருக்கு வழிவிட ஓர் எட்டு பக்கவாட்டில் வைத்தால் போதும், இடுப்பு வரை உள்ளே போய்விடுவீர்கள். ஸ்பிரூஸ் மரங்கள் நெருங்கி நிற்கும் மேற்பகுதியில் இதைவிட மோசமான பொறிகள் உண்டு. பனிக்குள் புதைந்த இளம் மரங்களின் கிளைகளுக்குக் கீழே வெற்றிடம் இருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கால் உள்ளே போனால் ஸ்னோஷூ கிளைகளில் மாட்டிக்கொள்ளும், வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். பாதையை விட்டு விலகிப் படம் எடுக்கப் போகிறவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள்.

ஒரு வசந்தத்தில் அந்தச் செங்குத்துப் பகுதியில் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கூட்டம் எதிரே ஏறி வந்தது. பிற்பகல் இரண்டு மணி. பாதிப் பேர் ஜீன்ஸ், எல்லோருக்கும் ஓட்டச் சப்பாத்து. முன்னால் வந்த பெடியன் ஒவ்வொரு எட்டுக்கும் முழங்கால் வரை புதைந்தான். பின்னால் வந்தவர்கள் அவன் போட்ட குழியிலேயே காலை விட்டு வந்தார்கள், குழி இன்னும் ஆழமானது. ஒரு பெண்ணின் சப்பாத்து பனிக்குள்ளேயே கழன்றுவிட, அவள் ஒற்றைக் காலில் நிற்க, மற்றவர்கள் கைகளால் தோண்டினார்கள். தோண்டியவரின் விரல்கள் சிவந்து தடித்திருந்தன. அவர்கள் யார், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சிரித்த முகத்தோடுதான் இருந்தார்கள், நல்ல பிள்ளைகள். நான் பார்த்தது அவர்கள் விட்டுப்போன பாதையை. குளிர்காலம் முழுவதும் இறுகி வந்த வரம்பு ஒரு பிற்பகலில் நெடுகக் குழியாகிவிட்டது. அன்றிரவு அந்தக் குழிகள் உறையும். மறுநாள் காலையில் வருகிறவருக்கு அது சல்லடைக் கண்களாகக் கல்லில் குடைந்த படிக்கட்டு. கணுக்கால் பிசக ஒரு நொடி போதும்.

அதனால்தான் ஹைபீக்ஸ் பகுதியில் இது அவரவர் விருப்பத்துக்கு விடப்படவில்லை. பனி எட்டு அங்குலத்துக்கு, அதாவது 20 சென்ரிமீற்றருக்கு, மேல் இருந்தால் ஸ்னோஷூவோ ஸ்கீயோ அணிந்தே நடக்க வேண்டும் என்பது மாநில விதி. வனக்காவலர் நிறுத்தினால் தண்டச்சீட்டு எழுதலாம். பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது, காலில் இருக்க வேண்டும். நம் ஆட்களில் சிலர் இதைச் சுற்றுலாப் பயணியிடம் பணம் கறக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். அந்தக் குழிகளில் ஒரு தடவை இறங்கி வந்தவர் அப்படிப் பேசமாட்டார். இன்னொரு விதியும் நமக்கென்றே போட்டதுபோல இருக்கிறது: பகல் நடைக்கு ஒரு குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது. நமக்குப் பஸ் பிடித்தால்தான் பயணம் என்ற எண்ணம். மச்சான், மச்சாளின் தங்கை, அவரின் வேலைத்தலத்து நண்பர் என்று நாற்பது பேர் சேர்ந்துவிடும். இந்த ஒரு பயணத்துக்கு அது வேண்டாம்.

ஸ்னோஷூ என்ன செய்கிறது என்பது எளிய கணக்கு. உங்கள் உடற்பாரத்தை ஒரு சப்பாத்தின் அடிப்பரப்பைப்போல நாலு மடங்கு பரப்பில் பரப்பிவிடுகிறது, அவ்வளவுதான். இந்த மண்ணின் ஆதிக்குடிகள் ஆஷ் மரத்தை நீராவியில் வளைத்து, பச்சைத்தோல் வாரால் பின்னி, நூற்றாண்டுகளாக இதைச் செய்து வந்தார்கள். கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள வெண்டாகேயின் ஹியூரன்-வெண்டாட் மக்கள் இந்தக் கைவினைக்குப் பெயர் போனவர்கள். வந்தேறிய ஐரோப்பியர் அதை அவர்களிடமிருந்து கற்றார்கள். 1757 ஜனவரியில், இதே அடிரொண்டாக்கின் கிழக்குப் பக்கத்தில், பிரித்தானியர் பக்கம் போரிட்ட றொபேட் றொஜர்ஸின் படைப்பிரிவும் பிரெஞ்சுப் படையும் மோதியபோது ஸ்னோஷூ இருந்தது றொஜர்ஸின் ஆட்களிடம்தான். எதிரிகளின் தொகை அதிகம், ஆனால் அவர்கள் முழங்கால் பனியில் தத்தளித்தார்கள். இருட்டியதும் எஞ்சிய றொஜர்ஸ் ஆட்கள் தப்பிப் போய்விட்டார்கள். வரலாற்றில் அந்தச் சண்டைக்கே ஸ்னோஷூப் போர் என்று பெயர். அடுத்த நூற்றாண்டில் நம் மொன்றியலில் கனவான்கள் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, பந்தம் பிடித்து, இரவில் மொன்ட் றோயலைத் தாண்டி நடக்க ஸ்னோஷூ கழகமே வைத்திருந்தார்கள். உயிர்பிழைக்கும் கருவி பொழுதுபோக்காகிவிட்ட கதை அது. நாமும் அந்தப் பொழுதுபோக்கின் வாரிசுகள்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாடகைக்கு எடுக்கும்போது கடைக்காரரிடம் மலைக்கு என்று சொல்லி எடுங்கள். பூங்காச் சமதரைக்கென்று வரும் மலிவான வகையின் அடியில் பற்கள் குறைவு. அம்பர்சாண்டின் மேற்பகுதியில் அது சறுக்குக்கட்டையாகிவிடும். முன்பாதத்துக்குக் கீழும் இரு ஓரங்களிலும் உருக்குப் பற்கள் வேண்டும். குதிக்காலுக்குக் கீழே நிமிர்த்தி வைக்கும் ஒரு கம்பி இருந்தால் இன்னும் நல்லது. செங்குத்தில் அதை நிமிர்த்திவிட்டால் கெண்டைக்கால் உங்களை வாழ்த்தும். உங்கள் நிறையோடு பையின் நிறையையும் கூட்டி அளவு கேளுங்கள். இடது, வலது உண்டு: பட்டிகளின் நுனி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றை மிதித்துக் குப்புற விழுகிறவர் ஒருவராவது எல்லாக் குழுவிலும் உண்டு. அவருக்குக் கை கொடுத்துவிட்டுச் சிரியுங்கள், முதலில் சிரிக்காதீர்கள்.

கால்களைச் சற்று அகற்றி வைத்து நடக்க வேண்டும். ஏறும்போது முன்பாதத்தைப் பனிக்குள் குத்தி ஏறுங்கள். இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, பாரத்தைப் பாதத்தின் நடுவில் வைத்து இறங்குங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால்தான் சறுக்கும். ஊன்றுகோல் இரண்டும் இருக்கட்டும், நுனியில் அகன்ற வளையம் போட்டது. பற்கள் வைத்த ரப்பர் பட்டையான மைக்ரோஸ்பைக்கையும் ஒரு சோடி பையில் போடுங்கள். காலையில் பாதை பனிக்கட்டியாக இறுகியிருக்கும் கீழ்ப்பகுதியில் அது உதவும். ஆனால் பனி இளகத் தொடங்கியதும் ஸ்னோஷூவுக்கு அது மாற்று அல்ல.

உடையில் நம்மவரின் பெரிய எதிரி பருத்தி. ஜீன்ஸ் நனைந்தால் காயாது, காற்றடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடல் விறைத்துப்போவதற்கு மைனஸ் முப்பது தேவையில்லை. ஐந்து பாகை, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் போதும். கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, நீர் புகாத மேலுடை வெளியே, கணுக்காலை மூடும் கெய்ற்றர், மாற்றுக் காலுறை, மாற்றுக் கையுறை. அடுத்தது வெயில். ஏப்ரல் நடுவில் சூரியனின் உயரம் ஆகஸ்ட் கடைசியில் இருப்பதற்குச் சமம். இலை விடாத காட்டில் நிழலும் இல்லை, பனியோ விழும் ஒளியின் பெரும்பங்கை மேல்நோக்கித் திருப்பி அடிக்கிறது. "எங்கட கறுத்தத் தோலுக்கு என்ன வரப்போகுது" என்கிற மாமாமாருக்கு ஒரு வார்த்தை: கண்ணுக்குக் கறுப்பு, வெள்ளை இல்லை. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பகல் முழுவதும் பனியில் நின்றவருக்கு இரவில் கண்ணுக்குள் மண் விழுந்ததுபோல உறுத்தும். நாடியின் கீழும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் கிரீம் பூசுங்கள், வெயில் அங்கே கீழிருந்து வரும்.

காவலர் குடில் இருந்த இடத்துக்கு அருகே ஒரு நிமிடம் நின்று காலடியைப் பாருங்கள். வெயில் படும் பனியில் மிளகுத்தூள் சிந்தியதுபோல ஏதோ கறுப்பாகக் கிடக்கும். குனிந்தால் அது துள்ளும். பனித்தெள்ளு என்று சொல்லப்படும் இம்மியளவுப் பூச்சிகள் அவை. தெள்ளு இனமும் அல்ல, கடிக்கவும் மாட்டா. காட்டின் மக்கிய இலைகளில் வாழ்பவை, இளவெயிலுக்குப் பனியின்மேல் ஏறி வருகின்றன. மரத்தடிகளைச் சுற்றி வட்டமாகக் கிண்ணம்போலப் பனி உருகியிருப்பதும் கண்ணில் படும். கறுத்த பட்டை வெயிலை வாங்கிச் சுற்றியுள்ள பனிக்குக் கொடுக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இங்கே பத்து நிமிடம் செலவழிப்பது, உச்சியில் இன்னும் இருபது செல்ஃபி எடுப்பதைவிடப் பிரயோசனம்.

உச்சியில் மரமே இல்லை, வெறும் பாறை. இந்த உயரத்தில் இயற்கையாகவே மரமற்றுப் போகாது, இது மனிதர் செய்த வேலை. வேர்பிளாங்க் கொல்வின் என்பவர் 1872 முதல் மாநிலத்துக்காக அடிரொண்டாக்கை அளந்தார். முக்கோணமிட்டு அளக்க ஒரு சிகரத்திலிருந்து மற்றச் சிகரம் மறைப்பின்றித் தெரிய வேண்டும். அதற்காக 1870களில் அவருடைய ஆட்கள் இந்த உச்சியின் மரங்களை வெட்டி எறிந்தார்கள். வேர் பிடித்து வைத்திருந்த மண் மழையிலும் காற்றிலும் கழுவுண்டு போனது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் காடு திரும்பவில்லை. அந்த அழிவால்தான் இன்று நமக்கு நாலாபக்கமும் தெரிகிறது என்பதை நான் மறைக்கப் போவதில்லை, ஒவ்வொரு தடவையும் அந்தக் காட்சியை ஆசைதீரப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். ஆனால் இந்த மலைகளில் மண் எவ்வளவு மெல்லிய போர்வை, போனால் எவ்வளவு காலத்துக்குப் போகிறது என்பதற்கு அந்தப் பாறையைவிட வேறு சாட்சி தேவையில்லை.

நான் ஜூன் வரை பொறுங்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணமும் அதுதான். பனி திட்டுத்திட்டாகிவிட்ட நாட்களில், உறைந்த அடிநிலத்தின் மேல் உருகிய நீர் வடிய இடமின்றி மேல்மண் கூழாகி நிற்கும். சப்பாத்து அழுக்காகும் என்று நாம் ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்கி நடக்க, பாதை வருடா வருடம் அகலும், ஓரத்துச் செடி சாகும், மண் ஓடும். 2,500 அடிக்கு மேற்பட்ட பாதைகளைக் காயும்வரை தவிருங்கள் என்று மாநிலச் சூழல் திணைக்களம் வசந்தம்தோறும் கேட்டுக்கொள்கிறது. அந்த அறிவிப்பு வந்துவிட்டால் அம்பர்சாண்டை விட்டுவிடுவோம். சரனாக் லேக் ஊருக்குள்ளேயே பேக்கர் என்ற 2,452 அடிக் குன்று இருக்கிறது, அரைநாளில் ஏறி இறங்கலாம். அங்கும் சேறு வந்தால் சேற்றுக்கு நடுவாலேயே நடக்க வேண்டும். சப்பாத்தைக் கழுவலாம்.

உச்சிப் பாறையில் ஒரு நினைவுத் தகடு இருக்கிறது. வோல்டர் றைஸ் என்ற மனிதருக்கானது. 1903இலும் 1908இலும் பெருங்காட்டுத்தீ இந்தப் பகுதியைச் சுட்டெரித்த பிறகு மாநிலம் மலையுச்சிகளில் காவலரை வைத்தது. றைஸ் 1915 முதல் 1923 வரை இந்த உச்சியிலிருந்து காட்டைக் காவல் காத்தார். அம்பர்சாண்டின் துறவி என்று ஊரார் அழைத்தார்கள். வேலையைத் தொடங்கியபோதே அறுபதைத் தாண்டியவர். முழங்கால் வலி என்று வாகனத் தரிப்பிடத்திலேயே உட்கார்ந்துவிடும் அண்ணாமார் இதைக் கவனிக்கவும். அவர் வந்த அதே 1915இல் 14 வயதுப் பையன் ஒருவன் தம்பியோடும் வழிகாட்டி ஹேர்ப் கிளார்க்கோடும் இந்த மலையில் ஏறினான். அவன் ஏறிய முதல் அடிரொண்டாக் மலை இது. பெயர் பொப் மார்ஷல். பின்னர் அந்த மூவரும்தான் 46 சிகரங்களையும் முதன்முதலில் ஏறி முடித்தார்கள், 1925இல். அமெரிக்கக் காடுகளுக்காக வாதாடும் வில்டர்னஸ் சொசைற்றியை 1935இல் தொடங்கியவர்களில் மார்ஷலும் ஒருவர். சின்ன மலைதானே என்று பதின்ம வயதுப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்தால் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பலிக்காவிட்டால், அம்பர்சாண்டும் பேக்கரும் உட்பட ஆறு மலைகளை ஏறி முடித்தவர்கள் சரனாக் லேக் ஊர் நடுவில் ஒரு மணியை அடிக்கலாம் என்று சொல்லுங்கள். அது பலிக்கும்.

நேரத்தைப் பற்றி நான் கடுமையாகத்தான் இருப்பேன். காலை ஏழு மணிக்கு ஸ்னோஷூ காலில் இருக்க வேண்டும். நம்மவர் ஏழு மணி அல்ல. ரொறன்ரோவிலிருந்து ஆறு மணிநேரம் ஓடி வருகிறவர்கள் முதல்நாளே வந்து தங்குங்கள். எங்கே நின்றாலும் பதினொன்றரைக்குத் திரும்புவது என்று கீழேயே பேசி முடிவு செய்வோம். உச்சி கண்ணுக்குத் தெரிகிறதே, இன்னும் பத்து நிமிடம்தானே என்று அந்த நேரத்தில் யாராவது சொல்வார்கள். அதற்காகத்தான் கீழேயே முடிவு செய்வது. மிக மெதுவாக நடப்பவர் முன்னால், அனுபவமுள்ளவர் கடைசியில். அலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஒருவரிடம் கடதாசி வரைபடமும், எல்லோரிடமும் நெற்றி விளக்கும் இருக்கட்டும்.

எல்லை தாண்டுவதால் கடவுச்சீட்டு. நிரந்தர வதிவிட அட்டையோடு இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அமெரிக்க விசாவை இப்போதே சரிபார்க்கவும். ஒருநாள் பயணம்தானே என்று பயணக் காப்புறுதியை விட்டுவிடாதீர்கள். அங்கே ஒரு கால் முறிவுக்கு வரும் மருத்துவமனைக் கணக்கை நம் மாகாணக் காப்புறுதி முழுவதும் கட்டாது.

முதல் பயணத்துக்கு 15 பெயர்தான். குழுத் தலைவர்கள் ஆளுக்கு ஐந்து பெயர் அனுப்பினால் போதும், மிச்சப் பேர் அடுத்த வாரம் இன்னொரு குழுவாகப் போகலாம். உச்சியில் காற்று அடிக்கும், ஆற அமர இருந்து சாப்பிட முடியாது. எனவே சோற்றுப் பார்சல் வேண்டாம். பிளாஸ்கில் பிளேன்ரீ, எள்ளுருண்டை, கையில் பிடித்துக் கடிக்கக்கூடிய ரோல்ஸ். ரோல்ஸ் மரக்கறியாக இருக்கட்டும். இறைச்சி என்றால் எல்லையில் கேள்வி எழும், பதினைந்து பேரும் அங்கேயே நிற்க வேண்டிவரும், நான் சொன்ன ஏழு மணி அதோடு சரி.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் ஒருத்தி
மொன்றியல்